மூடி இருந்த இடம்

அத்தியாயம் ஒன்பது

“அஞ்சு மில்லி குடுத்தாச்சு,” என்றான் அவன். “மணி நாலு நாப்பது. அடுத்தது பத்து நாப்பதுக்கு. அதுக்குள்ள நானே வந்துடுவேன்.”

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிச் சின்னவளின் கழுத்தடியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது.

“துப்பினாளா?”

“பாதியை என் சட்டையில துப்பினா. மறுபடி பாதி குடுத்துட்டேன்.”

“அப்போ சட்டைக்கும் காய்ச்சல் விட்டிருக்கும்.”

அவன் வாய்க்குள்ளேயே சிரித்தான்.

“போய்ட்டு வாங்க. என் சக்களத்தியைக் கேட்டதாச் சொல்லுங்க.”

கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து ஏற்றி இறக்குகிறவன் தன் வீட்டில் மட்டும் படியில்தான் இறங்குவான். இரண்டு மாடி இறங்கும் காலடிச் சத்தம் தேய்ந்து மறைவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கடைசியாக என்ன சொன்னார் என்று அவளைக் கேட்டார்கள். அஞ்சு மில்லி என்று சொன்னார் என்று எப்படிச் சொல்வது?

சக்களத்தி என்பது ஆரஞ்சு நிறத்தில் பத்தடி நீளமுள்ள பிளாஸ்டிக் கயாக். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு. வாரத்தில் ஆறரை நாள் லிஃப்ட் கம்பெனியின் அழைப்புக்குக் காத்திருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நான்கு மணி நேரம் மட்டும் சொந்தம். அந்த நான்கு மணி நேரத்தை அவன் நகரத்துக்கு வெளியே இருக்கும் நன்னீர் ஏரியில் தூண்டிலோடு கழித்தான். பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவான். “பிடிச்சு விடறதுக்கு எதுக்கு இவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கணும்? தூங்கினா மீனும் நிம்மதியா இருக்கும்ல?” என்று அவள் கேட்பாள். படகு விவகாரம் எதிலும் அவள் கை வைத்ததில்லை. அது அப்பாவும் பெரியவளும் பங்கு போட்டுக்கொண்ட ராஜ்யம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நாற்பதுக்கு மருந்தை அவள்தான் கொடுத்தாள். மூன்றாம் நாள் மதியம் அவனை ஏரியில் கண்டெடுத்தார்கள்.

இன்று பன்னிரண்டாம் நாள். போனவன் போய்விட்டான் என்பதை அவள் உடம்பு எப்படியோ ஒத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஒத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. பதினான்கு வயதுப் பெரியவள் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. முதல் சில நாள் ‘ம்’, ‘ம்ஹூம்’ இரண்டையும் வைத்துக் காலம் தள்ளினாள். பிறகு அவையும் போய்த் தலையாட்டல் மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூட ஆலோசகர், “விட்டுப் பிடிங்க,” என்றார். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. புருஷனைப் போலவே இந்தப் பெண்ணும் கண்ணெதிரிலேயே எங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவள் பயந்தாள்.

*

எட்டரை மணிக்கு அவனுடைய அண்ணன் வந்தார். குழந்தைகளுக்குப் பெரியப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்து, உட்கார்ந்து, எங்கே உட்கார்ந்தாலும் வலது காலைத் தயாராக வைத்திருப்பார். சாப்பாட்டு மேஜையில்கூட யாராவது வேகமாகப் பேசினால் அந்தக் கால் தரையை அழுத்தும்.

“படகு கிடைச்சு மூணு நாள் ஆச்சாம். நாணல் புதருக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்திருக்கு,” என்றார். “இன்னைக்கு ஏரி ஆபீஸ்ல அதைக் காட்டி வாக்குமூலம் வாங்கிக்கிறாங்க. அந்தக் கண்ணாடிக்காரனையும் வரச் சொல்லியிருக்காங்க. வரட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

கண்ணாடிக்காரர் என்பது பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பர். தன் பழைய கயாக்கை அவனுக்கு விற்று, மீன் பிடிக்கவும் பழக்கிவிட்டவர்.

“அவர் என்ன மாமா பண்ணுவாரு?”

“ஓட்டைப் படகைத் தலையில கட்டிட்டான். வேற என்ன பண்ணணும்?”

“ஓட்டையா இருந்தா ரெண்டு வருஷமா மிதந்திருக்குமா?”

“நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாதேம்மா. செத்தது என் தம்பி.”

என் புருஷன்தான் மாமா, என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது பெரியவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். தலை வாரியிருந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நேராக வாசற்கதவருகே போய் நின்றுகொண்டாள்.

“நீ எங்கடா கண்ணு? அங்கெல்லாம் நீ வரவேண்டாம்,” என்றார் பெரியப்பா.

பெரியவள் நகரவில்லை. ஏரியில் போய்ப் படகைப் பார்த்தால் ஒருவேளை அழுவாளோ, அழுதால் வாய் திறக்குமோ என்று அம்மாவுக்கு ஒரு நப்பாசை. “வரட்டும் மாமா,” என்றாள்.

சின்னவளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டார்கள். ஆறு வயதுக்காரிக்கு இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேச்சு. “அக்கா பேசமாட்டா, அதனால நான்தான் பேசணும். வாய் வலிக்குது ஆன்ட்டி,” என்று அவள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

பெரியப்பாவின் பயிற்சிக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் இருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டியதும், “காலைத் தூக்கி வைம்மா, அது நிஜ பிரேக்,” என்றார் அவர். ஒரு மணி நேரமும் அவள் காலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பெரியவளின் நெற்றி மட்டும் தெரிந்தது.

*

ஏரிக்கரையில் இருந்த நீர்ப் பாதுகாப்பு அலுவலகம் ஒரே அறைதான். சுவரில் ஏரியின் ஆழத்தைக் காட்டும் வரைபடம், ஒரு ஹீட்டர், காய்ந்துகொண்டிருக்கும் முக்குளிப்பவர்களின் உடுப்புகள். அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கடும் ஜலதோஷம். மேஜையில் கைக்குட்டை, வெந்நீர்க் குவளை, கோப்பு மூன்றும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

கண்ணாடிக்காரர் முன்பே வந்திருந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர், இவர்கள் உள்ளே நுழைந்ததும் யார் கண்ணையும் பார்க்காமல் எழுந்து நின்றார்.

“இருங்க சார், சண்டை அப்புறம் போட்டுக்கலாம்,” என்றார் அதிகாரி, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு. “முதல்ல படகைப் பாத்துட்டு வந்துடலாம்.”

பின்பக்கம் இரண்டு பழைய டயர்களின் மேல் சக்களத்தி கிடந்தாள். ஆரஞ்சு நிறம் மங்கியிருந்தது. இருக்கைக்குப் பின்னால் லைஃப் ஜாக்கெட் பட்டை போட்டு அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

“போட்டுக்கலையா?” என்றாள் அவள். குரல் தனக்கே புதிதாக இருந்தது.

“பாதிப் பேர் போட்டுக்கறதில்லம்மா. தூண்டில் வீசறப்ப கை இடிக்குதும்பாங்க. கரைக்குப் பக்கத்துலதானேம்பாங்க.” அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆனா காரணம் அது இல்ல. இங்க பாருங்க.”

படகின் பின்னுனியில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது.

“இந்தப் படகு உள்ளே வெற்றிடம். கழுவினா, உள்ளே போன தண்ணி வடியறதுக்காக இந்தத் துளை. தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி திருகு மூடி போட்டு அடைச்சிடணும். இதுல மூடி இல்லை. ஆள் உட்கார்ந்ததும் பின்பக்கம் தாழும். துளை தண்ணிக்குக் கீழே போயிடும். சொட்டுச் சொட்டா உள்ளே ஏறும். உட்கார்ந்திருக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரியும்போது நடு ஏரியில இருப்பாரு. அப்புறம் ஒரு பக்கமா சாஞ்சிடும். தண்ணி அன்னைக்கு நாலு டிகிரி.”

பெரியப்பாவின் வலது கால் மண்ணை அழுத்தியது.

“மூடி பிஞ்சு விழுந்திருக்கு,” என்றார். திரும்பிக் கண்ணாடிக்காரரின் சட்டையைப் பிடிக்காத குறையாக அவர் முன்னால் போய் நின்றார். “நைஞ்சுபோன மூடியோட வித்திருக்கே. வீட்டுல ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இருக்குன்னு தெரியாது உனக்கு?”

“துளையோட மரை புதுசு மாதிரி இருக்கு சார்,” என்று அதிகாரி குறுக்கிட்டார். “மூடி தானா விழலை. யாரோ கழட்டியிருக்காங்க. திரும்பப் போடலை.”

கண்ணாடிக்காரர் மெதுவாகப் பேசினார். “கழுவினா கழட்டத்தான் வேணும். மறக்கக்கூடாதுன்னு நான் அவனுக்கு ஒரு வழி சொல்லிக் குடுத்திருந்தேன். கழட்டின மூடியைத் தண்ணி ஷூவுக்குள்ள போட்டுடணும். காலையில ஷூவுல காலை நுழைச்சா குத்தும். குத்தினா ஞாபகம் வந்துடும். ரெண்டு வருஷமா அப்படித்தான் செஞ்சான். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.”

ஏரிக்குப் போகும்போது மட்டும் போடும் ரப்பர் ஷூவைத்தான் தண்ணி ஷூ என்பார்கள். மூடியை அதற்குள் போடும் வழக்கம் அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. படகு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

“அப்போ கடைசியாப் படகைக் கழுவினது யாரு?” என்றார் அதிகாரி.

பெரியவள் கையைத் தூக்கினாள்.

வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் தூக்குவது போலத் தூக்கினாள். முழங்கை நேராக, விரல்கள் சேர்ந்து. தூக்கிய கை இறங்கவே இல்லை. அந்தக் கையைப் பார்த்ததும், கேட்டு, கெஞ்சி, திட்டிக்கூடப் புரியாமல் போன பன்னிரண்டு நாளும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஷூவுலதான் போட்டேன்,” என்றாள் பெரியவள்.

தொண்டை கட்டிய, யாரோ ஒரு அந்நியப் பெண்ணின் குரல் போல இருந்தது.

“சனிக்கிழமை மத்தியானம் கழுவினேன். சத்தியமாப் போட்டேன் பெரியப்பா. அப்பாவோட பச்சை ஷூவுல. இடது கால்ல. பால்கனியில காய வெச்சிருந்துச்சு, அதுக்குள்ள போட்டு, செருப்பு அலமாரியில வெச்சேன். போட்டேன்னுதான் ஞாபகம் இருக்கு. ஆனா போட்டேனான்னு தெரியலை. தினமும் நினைச்சு நினைச்சுப் பாக்கறேன். நினைக்க நினைக்க அழிஞ்சு போகுது.”

அவள் பெண்ணை அணைத்துக்கொள்ளப் போனாள். பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

“போட்டிருந்தா குத்தியிருக்குமேடா,” என்றார் பெரியப்பா. அவர் கொடுமைக்காரர் இல்லை. கணக்குச் சரியாக வரவில்லையே என்பது போலத்தான் கேட்டார். “குத்தியிருந்தா அவன் எடுத்து மாட்டியிருப்பானே?”

பெரியவளின் கை அப்போதுதான் இறங்கியது.

*

பச்சை ஷூ.

அவள் காதில் அந்த இரண்டு சொல்லும் விழுந்து, உள்ளே போக நேரம் எடுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது சாலையோரத்தில் ஒருவன் ரப்பர் ஷூக்களைக் குவித்துப்போட்டு விற்றுக்கொண்டிருந்தான். புருஷனுடைய பச்சை ஷூவின் குதிகால் கிழிந்து ஒரு மாதமாகிறது. நாற்றம் வேறு. அலமாரியைத் திறந்தால் கூடமே மணக்கும். புதிதாக ஒரு ஜோடி வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பச்சை ஷூவை இரண்டு விரலால் தூக்கி ஒரு பையில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கீழே குப்பைத் தொட்டியில் எறிந்தாள். அது இருந்த இடத்தில் புதியதை வைத்தாள். காலையில் பார்த்துத் திகைக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெரியவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கோ நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து நாலு பேரை வெளியே எடுத்துவிட்டு அவன் வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

அஞ்சு மில்லிக்கும் சக்களத்திக்கும் நடுவில் அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். இத்தனை நாளும் அவள் அதை விட்டுவிட்டேதான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள், அது ஒரு விஷயமே இல்லை என்பதால். இருட்டில் தரையில் காலை இரண்டு முறை தட்டி, “புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. எங்கேயும் குத்தலை, கடிக்கலை,” என்றான்.

எங்கேயும் குத்தலை.

குத்தவில்லை என்றால் மூடி படகில் மாட்டியிருக்கிறது. இரண்டு வருஷமாக அவனுக்கு அதுதான் அர்த்தம்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் பின்னாளில் அவள் யாரிடமும் மறைக்கவில்லை. இங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது. குப்பை வண்டி திங்கட்கிழமையே வந்து போய்விட்டது. அதிகாரி ஒரு முறை தும்மினார். அந்தத் தும்மல் அடங்குகிற நேரம்தான். ஆனால் அவ்வளவு நேரம் தோன்றத்தான் செய்தது.

“அவ போட்டிருக்கா,” என்றாள். “அவர் அந்த ஷூவைப் போட்டுக்கிட்டுப் போகலை.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் சனிக்கிழமை அவருக்குப் புது ஷூ வாங்கி வெச்சேன். பச்சை ஷூவைக் குப்பையில போட்டுட்டேன். உள்ளே பாக்கலை. மூடி அதுக்குள்ளதான் இருந்திருக்கணும். என் பொண்ணு மறக்கலை. நான்தான் தூக்கிப் போட்டேன்.”

சொல்லி முடித்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாக அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

“எதுக்கும்மா இது?” என்றார் தணிந்த குரலில். “குழந்தை மறந்துட்டா. யாரும் அவளை அடிக்கப் போறதில்லை. அதுக்காக இப்படியா?”

“இல்ல மாமா, நிஜம்.”

“பன்னெண்டு நாளா இந்தப் புது ஷூ எங்கே போச்சு? ஒரு தடவைகூட உன் வாயில வரலையே?”

“மூடின்னு ஒண்ணு காணோம்னே இன்னைக்குத்தானே தெரியும்?”

“கேட்டதும் டக்குனு பதில் வருது பாரு.”

“மாமா!”

“சரி, அவன் கால்ல புது ஷூ இருந்துச்சா?” என்று அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி தயங்கினார். உள்ளே போய்க் கோப்பை எடுத்துவந்து புரட்டினார். “கால்ல ஒண்ணும் இல்லை. ரப்பர் ஷூ தண்ணியில கழண்டுடும். எப்பவும் அப்படித்தான்.”

“வாங்கின ரசீது?”

“ரோட்டோரத்துல வாங்கினேன்.”

“அட்டைப் பெட்டி?”

“பெட்டியெல்லாம் இல்லை. கயித்துல கட்டிக் குடுத்தான்.”

பெரியப்பா கையை விரித்தார். கண்ணாடிக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “நான் நம்பறேன்,” என்றார். “ஷூ குத்தலைன்னா நானும் மூடி மாட்டியாச்சுன்னுதான் நினைச்சிருப்பேன். அந்த யோசனையைக் குடுத்ததே நான். நான் அவனுக்கு—”

“நீ வாயை மூடு,” என்றார் பெரியப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. “ஆளாளுக்கு நான்தான் நான்தான்னு வரிசையில நிக்கறீங்க. செத்தவன் பேருல கதை கட்டாதீங்க. அவன் ஏன் போனான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அதிகாரி கோப்பை மூடினார். “ரெண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கிறேன். இது விபத்து. யாரும் யாரையும் பிடிச்சிக்கிட்டுப் போகப் போறதில்லை. ஆனா காரணம்ங்கற இடத்துல ஒரு வரி எழுதணும், அது ஒரு வரிதான். கழுவினவங்க மூடியைத் திரும்பப் போடலைன்னு எழுதறதா, மூடி வீட்டுலயே தவறிப்போச்சுன்னு எழுதறதா? இப்போதைக்குப் பென்சில்ல விட்டு வைக்கிறேன். திங்கட்கிழமை மேலே அனுப்பணும். அதுக்குள்ள ஏதாவது கிடைச்சா கொண்டு வாங்க.”

கழுவினவங்க. அந்தச் சொல் பெரியவளின் தோளில் விழுவதை அவள் பார்த்தாள்.

பெரியப்பா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கற்றுக்கொள்ள வந்தவன் ஓட்டுவது போல கார் இரண்டு முறை குலுங்கி நின்று, பிறகுதான் கிளம்பியது.

*

கண்ணாடிக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “படகை நான் வாங்கிக்கட்டுமாம்மா? உங்க கண்ணுல படாம வெச்சுக்கறேன்,” என்றார். அப்புறம் சொல்கிறேன் அண்ணா, என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் செருப்பு அலமாரியின் முன்னால் முழங்காலிட்டாள். கீழ்த் தட்டு அப்பாவுடையது. வேலைக்குப் போடும் இரும்பு மூக்கு பூட்ஸ், தோல் செருப்பு, பக்கத்தில் ஒரு ஜோடி அளவுக்கு வெறும் இடம். அதில் காய்ந்த சேறு கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

மகளின் பின்னால் நின்று அவளும் அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். அம்மா பச்சை ஷூவைத் தூக்கிப் போட்டிருந்தாலும் அது இப்படித்தான் இருக்கும். அப்பா பச்சை ஷூவையே போட்டுக்கொண்டு போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

“அம்மா.”

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அந்தச் சொல்.

“என்னடா கண்ணு.”

“எனக்காகச் சொல்றியா?”

“இல்லடா.”

“எனக்காகச் சொல்றேன்னா சொல்லிடு. நான் தாங்கிப்பேன். நீ பொய் சொல்லி, நான் அதை நம்பி, அப்புறம் ஒரு நாள் தெரிஞ்சா, அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

“சத்தியமா இல்ல. எது மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

“எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க. நானும்தான் பண்ணினேன்.”

எதிர்வீட்டுக் கதவு திறந்து சின்னவள் ஓடிவந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஆன்ட்டி! அக்கா பேசறா!” என்று வந்த வழியே கத்திக்கொண்டு ஓடினாள். நல்ல செய்தியை நாலு பேருக்குச் சொல்கிற அவசரம் அவளுக்கு.

பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றுத் துணுக்குகளை ஒரு விரலால் ஒரே இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்ன கலரு?”

“கறுப்பு. ஓரத்துல நீலக் கோடு.”

“எங்கே வாங்கினே?”

“பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, பூட்டின பாங்க் வாசல்ல. தொப்பி போட்ட ஆளு. குவிச்சுப் போட்டிருந்தான்.”

“நாளைக்குப் போனா இருப்பானா?”

“தெரியலைடா. அதுக்கப்புறம் நான் அவனைப் பாக்கலை.”

பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தடங்கல் இல்லாமல் வந்தன. உண்மை என்பதால் வந்தன. ஆனால் பெரியப்பா சொன்னது போல டக்டக்கென்று வருவதை அவளே கேட்டாள். கொஞ்சம் திக்கியிருக்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொல்வதற்கு யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டதே.

“எத்தனாம் நம்பர்?”

“பத்து.”

பெரியவள் இரும்பு மூக்கு பூட்ஸில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, தேய்ந்துபோன அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நம்பரைத் தேடினாள்.

“ம்,” என்றாள். “அப்பாவுக்குப் பத்துதான்.”